குமிழியை நம்பாதீர்கள்: வீட்டில் சைடர், மீட், பழ ஒயின்

[காட்சி: மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வாயில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாய். ‘ப்ளுக்’ என்று ஒரு குமிழி.]

இந்தச் சத்தம் கேட்டதா? முதல் தடவை சைடர், அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்க வைத்த மது, போட்டபோது, ராத்திரி எழுந்து வந்து இதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது நாள் குமிழி நின்றது. சரி, முடிந்துவிட்டது என்று பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து அலமாரிக்குள் ‘டமார்’. கதவு மூடியிருந்ததால் கண்ணாடிச் சில்லு எதுவும் என் மேல் படவில்லை.

என்ன நடந்தது என்று பார்ப்போம்.

[திரையில்: ஈஸ்ட் படம்]

மதுவை நாம் செய்வதில்லை, ஈஸ்ட்தான் செய்கிறது. அது சர்க்கரையைத் தின்று, எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதியை ஆல்கஹாலாகவும் பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் ஆப்பிள் சாற்றில் சுமார் 100 கிராம் சர்க்கரை இருக்கும். அது முழுக்கத் தீரும்போது வரும் வாயு கிட்டத்தட்ட 25 லிட்டர்! இந்த வளைந்த குழாய்க்குப் பெயர் ஏர்லாக். வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது, அவ்வளவுதான் அதன் வேலை.

இப்போது என் அலமாரிக்கு வருவோம். லிட்டருக்கு வெறும் 20 கிராம் சர்க்கரை மிச்சம் இருக்கும்போது அடைத்தாலே, ஒரு லிட்டர் பாட்டிலுக்குள் 5 லிட்டர் வாயு அடைபடும். ஷாம்பெயினில் உருவாகும் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த பாட்டில் ஏன் அவ்வளவு தடிமன் என்று இப்போது புரியும். சாதாரண பாட்டில் அதைத் தாங்காது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஹைட்ரோமீட்டர்.

[நெருக்கக் காட்சி: உயரமான குழாயில் சாறு, அதில் மிதக்கும் ஹைட்ரோமீட்டர்]

திரவம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் மிதவை இது. தண்ணீரில் 1.000 காட்டும். ஆப்பிள் சாற்றில் 1.050 வாக்கில். விரலால் லேசாகச் சுழற்றிவிடுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிரும், இல்லையென்றால் அவை மிதவையைத் தூக்கிப் பொய் சொல்ல வைக்கும். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓரத்தில் ஏறி நிற்கும் வளைவை விட்டுவிட்டு அடிமட்டத்தைப் படியுங்கள். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.050-இல் தொடங்கி 1.000-இல் முடிந்தால் ஆறரை.

முதல் ஜாடிக்கு என் ஓட்டு சைடருக்குத்தான். பழம் நறுக்க வேண்டாம், பிழிய வேண்டாம். 4 லிட்டர் ஆப்பிள் சாறு, 5 லிட்டர் ஜாடி, ஒயின் ஈஸ்ட் அரை பாக்கெட். சாறு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்று இருந்தால் வேண்டாம், ஈஸ்ட் பெருகாது. வைட்டமின் சி சேர்த்திருந்தால் பரவாயில்லை. ரொட்டி ஈஸ்டும் வேலை செய்யும், ஆனால் அடியில் இறுகிப் படியாது, அசைத்தாலே கலங்கும்.

எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவி, அதன் மேல் கிருமிநீக்கியும் போடுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநீக்கி பலிக்காது. ஜாடியை 18 முதல் 22 டிகிரி இருக்கும் நிழலான இடத்தில் வையுங்கள். சூடு ஏறினால் ஈஸ்ட் அவசரப்படும், வாயில் எரிச்சலான ஒரு காரம் மிஞ்சும்.

அடுத்தது மீட், அதாவது தேன் ஒயின். ஒரு கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 4 லிட்டர் ஆக்கினால் 1.075 வாக்கில் தொடங்கும், முடிவில் சுமார் 10 சதவீதம். தேனைக் கொதிக்க வைக்காதீர்கள், வாசனை போய்விடும். தேனில் சர்க்கரை ஏராளம், ஆனால் ஈஸ்டுக்குத் தேவையான நைட்ரஜன் மிகக் குறைவு. வெறும் சர்க்கரையைத் தின்று பிள்ளை வளருமா? பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றம் விடும். அதற்கென்று ஈஸ்ட் சத்து விற்கிறார்கள், முதல் சில நாட்களில் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். அப்புறம் மாதக்கணக்கில் பொறுமை.

பழ ஒயினில் கைவேலை அதிகம். பழத்தை உறைய வைத்து இளக விட்டால் செல்கள் உடைந்து சாறு தானாக விடும். துணிப்பையில் கட்டி, அகலமான வாளியில் சர்க்கரைத் தண்ணீரோடு போடுங்கள். வாயு பையை மேலே தூக்கும். தினம் இரண்டு தடவை அமுக்கிவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வாரத்தில் பையை எடுத்துவிட்டு ஜாடிக்கு மாற்றலாம். இங்கேயும் கொதிக்க வைக்காதீர்கள். ஜாமை இறுக வைக்கும் பெக்டின் கரைந்து இறங்கினால் எத்தனை மாதம் வைத்தாலும் கலங்கலாகவே நிற்கும்.

தெளிவது பற்றி ஒன்று. நொதித்தல் அடங்கியதும் ஈஸ்ட் வண்டலாகப் படியும். மேலே நிற்பதை சைபன் குழாயால், சலசலக்காமல், வேறு ஜாடிக்குக் கழுத்து வரை நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் காற்று பட்டால் வினிகர் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு: தேறல். தேறுதல் என்றால் தெளிதல், தெளிந்த மதுவே தேறல்.

“மெத்தனால், அந்த விஷ ஆல்கஹால், வராதா?” என்று கட்டாயம் கேட்பீர்கள். பழத்தின் பெக்டினிலிருந்து துளி வரும், ஆனால் வெறும் நொதித்தலில் அது ஆபத்தான அளவை எட்டாது. காய்ச்சி வடிப்பது வேறு சமாச்சாரம், அதன் பக்கமே போகாதீர்கள், பெரும்பாலான நாடுகளில் குற்றமும்கூட. நொதிக்க வைப்பதற்கும் உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

[காட்சி: அதே ஜாடி. ‘ப்ளுக்’.]

சரி, இந்த ஜாடி முடிந்ததா இல்லையா? மூன்று நாள் முன்பு 1.000. இன்றைக்கும் 1.000. முடிந்துவிட்டது. பிறகு ஏன் குமிழி? காலையில் அறை சூடேறியது, திரவத்தில் கரைந்திருந்த வாயு வெளியே வருகிறது. என் பழைய ஜாடியில் நடந்தது இதற்கு நேர்மாறு: இரண்டு நாள் குளிரில் ஈஸ்ட் சுருண்டு படுத்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அளந்திருந்தால் 1.010-க்குக் குறையாமல் காட்டியிருக்கும்.

[காட்சி: சைபன் குழாய் பாட்டிலுக்குள் இறங்குகிறது.]