படுத்தால் பாயும் பகை

விழாத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, பொன்னாடை போர்த்திய மீனவர் சங்கச் செயலாளர் அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். வரவேற்புரையில் என்னை மருத்துவ வல்லுநர் ஆக்கிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார், அவ்வளவுதான்.

மறதிநோயைத் தள்ளிவைக்க நடை உதவுமா என்பதுதான் பேச்சு. மூளைக்குள் என்ன நடக்கிறது, ரத்தத்தில் என்ன தெரிகிறது, வயதானவர்கள் எவ்வளவு நடக்கலாம் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

1906இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த மறதிநோயில், மூளையில் அமிலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்கள் படிகின்றன. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்குகிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மறதிநோய் இல்லாத முதியவர்கள் 120 பேரில் ஒரு பிரிவினரை வாரம் மூன்று நாள் நடக்கவைத்தார்கள். ஓராண்டில் அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. கைகாலை நீட்டி மடக்கியதோடு நின்றவர்களுக்குச் சுருங்கியது. நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை!

நடந்தால் அமிலாய்டு கரைந்துவிடும் என்று எவராவது லேகியம் விற்பதுபோல் சொன்னால் நம்பாதீர்கள். நோய் வந்துவிட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வில் நினைவுச் சரிவு மட்டுப்படவில்லை. முன்கூட்டியே நடக்க வேண்டும்.

எங்கள் பெரியப்பா ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்கு விடியற்காலையில் நடந்தே போய் மீன் வாங்குவார். ஒவ்வொரு சங்கராவாக எடுத்துச் செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்ப்பார். "ஐயா, நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் மீன் கருவாடாகிவிடும்" என்பார் மீன்கார அம்மா. "அப்படியென்றால் கருவாட்டு விலைக்கே கொடு" என்பார் இவர். (கைதட்டாதீர்கள், நேரம் போகிறது.) ஒருநாள் நடைபாதையில் கண்டெய்னர் லாரி நின்றது. சாலையில் இறங்கினார், பைக் உரசியது. பிள்ளைகள் வாசலைத் தாண்டவிடவில்லை. மீன் வீட்டுக்கே வந்தது. அவர் செவுளைப் பார்க்கவில்லை. பிறகு மருமகளின் பெயருக்கே தடுமாறினார். நடை நின்றதால்தான் என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால், படுத்தால் பாயும் பகை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். அந்த 2011 ஆய்வில் ஹிப்போகாம்பஸ் வளர்ந்தவர்களுக்கு, நரம்பணுக்கள் வளர உதவும் பி.டி.என்.எஃப் என்ற புரதமும் ரத்தத்தில் கூடியிருந்தது... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், மீதிச் செய்தி கிடக்கட்டும். நடக்கச் சொல்கிறோமே, எங்கே நடப்பது? தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் நடைபாதை லாரிக்கா, மனிதனுக்கா? வார்டு உறுப்பினர் அவர்களே, வாகனம் ஏறாதபடி நடைபாதை ஓரத்தில் இரும்புத் தூண், இரவில் விளக்கு, கால் மணி நேர நடைக்கு ஒரு பெஞ்சு வேண்டும். மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து தாங்கள்தான் போட வேண்டும், பேனாவும் வைத்திருக்கிறேன்.