காய்கறிக்கு அடியில் மருந்து

நண்பர்களே, சயாம் மரண ரயில் என்றதும் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்களிடம் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் பூன்பொங் சிரிவேஜபந்து. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வியாபாரம் செய்தவர். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், ஜப்பானியர் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். அதுதான் சயாம் மரண ரயில். 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளைக் காட்டுக்குள் இறக்கினார்கள். ஆற்றோர முகாம்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒப்பந்தம் பூன்பொங்குக்குக் கிடைத்தது. படகில் முட்டையும் காய்கறியும் போயின. அடியில் மருந்தும் பணமும், ரகசிய ரேடியோவுக்கு பேட்டரியும் போயின. பாங்காக்கிலிருந்து ஒரு மறைமுகக் குழு இவற்றைத் திரட்டி அனுப்பியது. பிடிபட்டால் உயிர் போகும். அது தெரிந்தேதான் அவர் குடும்பமும் துணை நின்றது.

அந்த மருந்தின் அருமை புரிய வேண்டுமானால் அந்தக் காட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூங்கில் கீறினால் போதும். பட்டினி உடம்பில் அது புண்ணாகி, எலும்பு தெரியும்வரை அரிக்கும். அப்புறம் காலையே வெட்ட வேண்டிவரும். சீதபேதிக்கு எமட்டின் ஊசி மருந்து. கொஞ்சம் கிடைத்தாலும் பிழைப்பவர்கள் உண்டு. வாத்து முட்டைகூட அங்கே மருந்துதான். கைதியாக இருந்த ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் வியரி டன்லப் போன்றவர்கள் இப்படி வந்ததை வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். ‘வேஜ’ என்றால் பாலி மொழியில் வைத்தியர். பூன்பொங்கின் குடும்பப் பெயரிலேயே அது இருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

சரி, நம் ஆட்கள்? கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள். பணம் சேர்த்துக் கணக்கு வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். வரும் மருந்தை வாங்கிக்கொள்ள அங்கே கைகள் இருந்தன. தமிழ்த் தொழிலாளர் முகாம்களில் அநேகமாக அப்படி ஒருவரும் இல்லை. காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகப் போனார்கள். இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல்கூட நம்மிடம் முழுதாக இல்லை. பூன்பொங்கை எவ்வளவு போற்றினாலும் இந்த வேதனை எனக்குத் தீரவில்லை.

போர் முடிந்ததும் பூன்பொங் சுடப்பட்டார், ஆனால் பிழைத்துக்கொண்டார். பிரிட்டன் அவருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. வியாபாரம் நொடித்தபோது பழைய கைதிகள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதை வைத்து அவர் பேருந்து கம்பெனி தொடங்கினார். பாங்காக் தெருக்களில் அவர் பெயரோடு அந்தப் பேருந்துகள் ஓடின.