ஓடாத ஹெரால்டுக்கு என்ன விலை?

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் 31 வருடம் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். லாரி இடித்த கார், கிணற்றில் விழுந்த கார், வெள்ளத்தில் மிதந்த கார், எதுவானாலும் குனிந்து பார்த்து ஒரு தொகை எழுத வேண்டும். அதுதான் பிழைப்பு. தொகை எழுத ஓர் அட்டவணை உண்டு. வண்டி வாங்கி 6 மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம் கழி, ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20 என்று ஏறிக்கொண்டே போய், ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் வயதான வண்டிக்குக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஐந்து வயதுக்கே அட்டவணை கைவிரித்துவிட்டால் ஐம்பது வயது வண்டிக்கு எங்கே போவது? ரெஸ்டோர் பண்ணாத, அதாவது புதுப்பிக்காத பழைய காருக்கு நியாய விலை எது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, போன வருடம் பார்த்த ஒரு வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துல ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிக்குதாம். 1970 மாடல், நாலு கதவு. ஓடாது. நாலு லட்சம் சொல்றாங்க. வாங்கலாமா?" கூடவே ஒரு போட்டோ. சாளைக்குள் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில், மூக்கில் ஒட்டடையோடு ஒரு வெளிர்பச்சைக் கார்.

இளையவர்கள் சிலர் ஹெரால்டைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த வண்டி. வடிவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961-லிருந்து நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி அதைச் செய்தது. 948 சிசி பெட்ரோல் இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். 1988-ல் அந்த ஆலை நின்றுபோனது.

விலைக்குத் தேவையான சங்கதி ஒன்று அந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஹெரால்டைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியாகச் செய்துதர ஆள் இல்லை. அதனால் கீழே லாரிக்குப் போல தனி ஷாசி, அதாவது இரும்புச் சட்டம் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முறுக்கினார்கள். கதவுக்குக் கீழே ஓடுகிற தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால் மற்ற கார்களில் வண்டியின் பலமே போயிற்று என்று அர்த்தம். ஹெரால்டில் அது வெறும் பலகை மாதிரி. கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். ஷாசி போனால்தான் கதை முடிந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இது தெரியாததால், கதவுக்கடி ஓட்டையைக் காட்டி ஒரு லட்சம் குறைக்கிறவர்களும், பளபளவென்று பெயிண்ட் அடித்து ஷாசி உளுத்த வண்டிக்கு ஆறு லட்சம் கொடுக்கிறவர்களும் உண்டு.

பொள்ளாச்சிக்குப் போனோம். ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். கணவர் காலமாகி எட்டு வருடம். "வாங்க, உக்காருங்க. காப்பி குடிச்சுட்டு அப்புறம் பாக்கலாமுங்க" என்றார். நாலு லட்சம் என்று சொன்னது அவர் இல்லை, ஒரு புரோக்கர். போனில் ஏதோ ஒரு ஹெரால்டு விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார். அது கண்ணாடி மாதிரி மின்னுகிற, ஓடுகிற வண்டி.

நான் முதலில் பார்த்தது காரை அல்ல, தரையை. மண்தரையில் நின்ற வண்டி கீழிருந்து உளுக்கும். மேலே பெயிண்ட் புதுசாகவே இருக்கும். கடற்கரை ஊர் வண்டி என்றால் உப்புக்காற்றுக்கென்று தனியாக ஒரு கழிவு போட்டுவிடுவேன். நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. இங்கே மூன்று சக்கரம் சிமெண்ட் மேல் இருந்தது. வலப்பக்கப் பின்சக்கரம் மட்டும் மண்ணில், அதற்கு நேர் மேலே ஓடு ஒழுகிய தடம்.

சட்டையைக் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து அடியில் படுத்தேன். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ஷாசியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்கும். உளுத்தது பொத் என்கும். நடுவில் ஓடும் இரண்டு தண்டும் கணீர். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இருக்கின்றன, அவற்றின் மேல்தான் பாடி உட்காரும். அதில் வலப்பக்கப் பின்கை ஒன்று மட்டும் பொத். குத்தினேன், ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. ஒரு கை வெல்டிங் வைத்து மாற்றக்கூடியதுதான்.

அப்புறம் காந்தம். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஒத்திப் பார்ப்பேன். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே தகரத்துக்கு மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். இந்த வண்டியில் எல்லா இடத்திலும் பிடித்தது. ஒடுக்கு இருந்தது, கீறல் இருந்தது, பச்சை வெளுத்துச் சாம்பலாகி இருந்தது. ஆனால் யாரும் கைவைக்கவில்லை. என் அக்கா மகன் முகம் வாடிவிட்டது, "பெயிண்ட் போயிருச்சே மாமா" என்றான். அவனுக்குச் சொன்னேன்: பெயிண்ட் போன வண்டியில் என்ன போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அரைகுறையாக ரிப்பேர் பார்த்த வண்டியில் முதலில் அந்த ரிப்பேரைப் பிரித்து எடுக்கவே பணம் கட்ட வேண்டும்.

இன்ஜின் இறுகிப்போயிருந்தது. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். நான் பயப்படுவதில்லை. பிளக்கைக் கழற்றி, துளைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து ஸ்பேனர் போட்டு மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். அசையாவிட்டாலும் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்ற என்ன ஆகும் என்று எந்த லேத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்த செலவு என்றைக்கும் பேரத்தில் அடங்கிவிடும். பிரேக் சிலிண்டர், டயர், ஒயரிங் எல்லாம் இந்தக் கணக்குதான். தயவுசெய்து பேட்டரி மாட்டி ஸ்டார்ட் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். பல வருடம் தூங்கின இன்ஜினை அப்படி எழுப்பக் கூடாது.

பக்கவாட்டில் நின்று பிளாக்கில் பொறித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். பொருந்தியது. முன்பெல்லாம் பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய வண்டிகளில் டீசல் இன்ஜின் ஏற்றுவது சர்வசாதாரணம். இப்போது அது விலையை அடிக்கும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய, ஷாசி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிதான் விண்டேஜ் கணக்கில் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. இந்த வண்டியின் ஆர்.சி. கணவர் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று வாங்கி, 31-ஆம் எண் படிவத்தில் முதலில் டீச்சரம்மா பெயருக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் விற்பனை. அலைச்சல்தான். ஆனால் காகிதமே இல்லாத வண்டிக்கு என் கணக்கில் விலை என்று ஒன்று கிடையாது, உதிரிப் பாகத்துக்கான தொகை மட்டும்.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நன்றாக முடித்த நாலு கதவு ஹெரால்டு 6 லட்சம் போகும் என்று வைத்துக்கொண்டேன். டிங்கரிங், பெயிண்டிங் 2.5 லட்சம். இன்ஜின் 90,000. பிரேக், சஸ்பென்ஷன், டயர் 80,000. குரோமியம் முலாம் 60,000. சீட் 50,000. ஒயரிங் 30,000. கூட்டினால் 5 லட்சத்து 60 ஆயிரம். மிச்சம் 40,000. அந்த வண்டியின் எடை கிட்டத்தட்ட 800 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று காயலான் கடையில் போட்டாலே 24,000 வரும். அதாவது மேலிருந்து கழித்துக்கொண்டு வந்தால் பழைய இரும்பு விலையில் வந்து இடிக்கும். புரோக்கர் நாலு லட்சம் என்பதும் தப்பு, இந்த நாற்பதாயிரமும் தப்பு. கழித்தல் கணக்கைக் காட்டி விதவைகளிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வண்டி எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் நான் கீழிருந்து கூட்டிக்கொண்டு போவேன். காசு கொடுத்தாலும் கிடைக்காதது எதெல்லாம் இந்த வண்டியில் இருக்கிறது? ஷாசி இருக்கிறது. காகிதம் இருக்கிறது. பிறந்தபோது இருந்த இன்ஜின் இருக்கிறது. இரண்டு கதவு ஹெரால்டுக்கு இங்கிலாந்திலிருந்து இன்றைக்கும் சாமான் வரவழைக்கலாம், சுங்கவரி கட்டிக்கொண்டு. நாலு கதவு வண்டி இந்தியாவில் மட்டும் செய்தது. அதன் பின்கதவையும் பின்கதவுக் கண்ணாடியையும் லண்டனில் கேட்டால் சிரிப்பார்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடினாலும் யோகம் வேண்டும். இந்த வண்டியில் இரண்டு பின்கதவும் சரியாக இருந்தன. இடப்பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை, தகரம் அடைத்திருந்தது.

இன்னொன்றும் பார்த்தேன். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு. கணவர் எழுதியது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதி, கிலோமீட்டர். "முன் டிரன்னியன், கியர் ஆயில்" என்று மாதாமாதம் ஒரு வரி. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள். அதற்கு ஊற்ற வேண்டியது ஆயில், கிரீஸ் அல்ல. பெரும்பாலான மெக்கானிக்குகள் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அது உள்ளே காய்ந்து, மரை துருவேறி, ஒருநாள் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது சக்கரம் மடிந்து படுத்துவிடும். அந்த ஒரு வரியை விடாமல் எழுதியிருந்தவர் மற்ற விஷயத்தில் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்தேன். 1994 மார்ச்சோடு நோட்டு நின்றிருந்தது.

பத்திரிகையை டீச்சரம்மாவிடமே கொடுத்து, எழுதியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன், அழுகின ஷாசிக் கை உள்பட. "கிடைக்காத சாமானெல்லாம் சேர்த்துப் பாத்தா ஒன்றரை லட்சம் வரைக்கும் நியாயமுங்க. அதுக்கு மேல கேட்டா எங்களால முடியாதுங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் புரோக்கர் பையன் நாலுன்னானுங்களே" என்றார். பிறகு அவரே, "அவன் அடியில படுத்துப் பாக்கலீங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

ஒன்றரைக்குப் பேசி முடித்து எழுந்தபோது, "இருங்க, அவரு என்னமோ கட்டி வெச்சிருந்தாரு" என்று ஆளைவிட்டு அட்டாலியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். பழைய வேட்டி சுற்றிய ஜாக்கி, சக்கர ஸ்பேனர், அதற்கடியில் செய்தித்தாளில் பொதிந்த பின்கதவுக் கண்ணாடி. இடப்பக்கத்தினுடையது. கீறல் இல்லை. நான் அக்கா மகனைப் பார்த்தேன். அவன் பர்ஸை எடுத்துப் பத்தாயிரம் கூட வைத்தான்.

ஒரு வாரம் கழித்து லாரி வைத்து வண்டியை ஏற்றினோம். கண்ணாடியை மட்டும் அவன் காரோடு பின்னால் ஏற்ற விடவில்லை. வேட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கிணத்துக்கடவு தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அண்ணே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே கோவை வந்து சேர்ந்தான்.

வணக்கம்.