வாதி ரம்: பாறைக்குள் இருக்கும் தண்ணீர்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் இருந்து கதைக்கிறேன், இடையில் கரையோர ரயில் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோர்தான் பயணத்தின் மிச்சக் காட்சிகள் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு வாதி ரம் பாலைவனத்தில் கூடாரத்தில் தங்கியபோது போன சின்ன நடை மட்டும்.

ஜோர்தானின் துறைமுக நகரம் அக்கபாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். பிறகு பதூயின் (பாலைவன நாடோடி இனத்து) வழிகாட்டியின் பிக்கப்பில் மணலுக்குள். எல்லோரும் உம் ஃப்ரூத் பாறை வளைவில் ஏறிப் படம் எடுப்பார்கள். வடிவான இடம்தான், ஆனால் என்னைக் கேட்டால் கஸ்அலி மலைப் பிளவுக்குத்தான் நேரம் ஒதுக்கவேண்டும்.

இந்தக் காட்சியைப் பாருங்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான மணற்கல், நடுவில் ஒடுங்கிய பாதை. சுவரில் பாதங்கள், மனித உருவங்கள், மலையாடுகள், தமூதிய எழுத்துகள் (பண்டைய அரேபிய எழுத்து வகை). வாதி ரம் முழுவதும் இப்படி ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. 2011இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தப் பிளவுக்குள் நடக்கும் தூரம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் உள்ளே போனதும் கயிறு இல்லாமல் ஏற முடியாத இடம் வந்துவிடும்.

ஏன் இந்தப் பிளவுக்குள் வந்து செதுக்கினார்கள்? நிழல், அதோடு தண்ணீர். மழை பெய்தால் பாறைக் குழிகளில் அது தங்கும். அந்த மலைகளின் அமைப்பே அப்படி. கீழே கருங்கல், மேலே ஏறக்குறைய 50 கோடி ஆண்டு பழைய மணற்கல். மழைநீர் மணற்கல்லுக்குள் இறங்கும், கருங்கல்லைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாக வெளியே வரும். ரம் கிராமத்துக்கு மேலே அப்படி ஊற்றுகள் இருக்கின்றன. மலைச்சரிவில் திடீரென்று பச்சை தெரிந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. வெளிப்பாறையோ, தொதல் கிண்டிய சட்டியின் ஓரத்தில் வழிந்து உறைந்ததுபோல நிற்கிறது.

பக்கத்து திசி பகுதியில் நிலத்தடியில் மிகப் பழைய நீர்த்தேக்கம் உண்டு. 2013இலிருந்து அந்தத் தண்ணீர் சுமார் 325 கிலோமீற்றர் குழாய் வழியாக அம்மான் நகரத்துக்குப் போகிறது. கொழும்பில் நமக்கு அம்பத்தலையில் களனி ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள், ஆற்றுக்கு மழை திரும்ப வரும். அங்கே எடுப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய மழை. எடுக்கும் வேகத்துக்கு அது நிரம்பாது. அதைக் கேட்டபிறகு முகாமில் முகம் கழுவக்கூட யோசனைதான்.

இரவுச் சாப்பாடு ஸர்ப்: மணலுக்குள் புதைத்த அடுப்பில் வெந்த இறைச்சியும் மரக்கறியும். தேநீரில் சீனி அள்ளிப் போடுகிறார்கள், நம்ம பிளேன்டீ தோற்றது!

சரி, போக நினைப்பவர்களுக்கு. மார்ச், ஏப்ரல் அல்லது ஒக்டோபர், நவம்பர் நல்லது. இரவில் நன்றாகக் குளிரும், கொழும்புச் சட்டையோடு போகவேண்டாம். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். வானம் இருட்டினால் பிளவுக்குள் போகாதீர்கள், தூரத்து மழைகூட வெள்ளமாக வரும். வழிகாட்டி திரும்புவோம் என்றால் கமராவை மூடிவிட்டுத் திரும்புங்கள். செலவு விபரம் கேட்டவர்களுக்கு அடுத்த காணொளியில் சொல்கிறேன்.