பக் ரிப்போர்ட் போட்டும் பதில் வரலையா? பாம்பன் பாலத்தை வச்சு காரணத்தை பாப்போம்!

[திரையில்: போன்ல பாம்பன் மேப்]

வணக்கம் மக்களே! ஆப்லயோ சாஃப்ட்வேர்லயோ ஒரு தப்பு (அதான் பக்) இருக்குன்னு நீங்க போட்ட பக் ரிப்போர்ட்டுக்கு மாசக்கணக்கா பதிலே இல்லையா? பல நேரம் நீங்க சொன்ன பக் சரியாதான் இருக்கும், போய் சேர்ந்த இடம்தான் தப்பா இருக்கும்.

ஓப்பன் சோர்ஸ்ல, அதாவது கோடை யாரு வேணா பாத்து மாத்தலாம்னு திறந்து வச்ச சாஃப்ட்வேர்ல, ஒவ்வொரு பகுதியையும் பாத்துக்குற மெயின்டெய்னர் தனித்தனி, நிறைய பேர் சம்பளம் இல்லாம சொந்த நேரத்துல செய்றாங்க. பேக்ரவுண்ட் அவ்வளவுதான், வாங்க பாம்பனுக்கு!

[திரையில்: பழைய பாலம், புதுப் பாலம்]

1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுபோச்சு, 2025 ஏப்ரல்ல புதுசு திறந்தாங்க, கப்பல் வந்தா நடுவுல 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா மேல ஏறும், என்னா அழகு தெரியுமா! இப்போ நீங்க பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஊர்ல நின்னுகிட்டு ஆர்கானிக் மேப்ஸ்ங்கிற மேப் ஆப்பை திறக்குறீங்க, ரயில் தண்டவாளம் இன்னும் பழைய பாலத்து மேலயே காட்டுதுன்னு வச்சுக்கோங்க. உடனே கிட்ஹப்ல, அதாவது கோடை வச்சு பக் ரிப்போர்ட்டும் வாங்குற சைட்ல, ஆப்போட பக்கத்துக்கு ஓடுவோம், ஆனா அந்த கோட்டை வரைஞ்சது அவங்க இல்லையே! டேட்டா, யாரு வேணா திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற பொது மேப்ல இருந்து வருது. வலை கிழிஞ்சதுக்கு இன்ஜின் மெக்கானிக்கை கூப்பிட்டா அவரு பாவம் என்ன செய்வாரு?

அதனால முதல்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சைட்ல அதே இடத்தை பாருங்க. அங்கயும் டேட்டா தப்பா, அந்த இடத்துலயே ஒரு நோட் போடுங்க, இல்ல அக்கவுண்ட் ஆரம்பிச்சு நீங்களே திருத்துங்க. அங்க சரியா இருந்து ஆப்ல மட்டும் பழசா, போன்ல இறக்கி வச்ச மேப்பை அப்டேட் பண்ணுங்க, புது மேப்லயும் மாறலன்னா அப்பதான் ஆப் காரங்க. டேட்டா சரி, சைட்ல கோடோ கலரோ மட்டும் சரியில்லையா, அது அந்த டேட்டாவை படமா வரையுற ஸ்டைலான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கார்ட்டோ, அதுக்கு கிட்ஹப்ல தனி இடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற தங்கச்சிமடத்துக்கு கார்ல போக வழியே இல்லைன்னு அந்த சைட் சொல்லுதா? ரோட்டுப் பாலம் டேட்டால அறுந்து கிடக்கான்னு பாருங்க, இல்லைன்னா வழி கண்டுபிடிக்கிற ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வல்ஹல்லால எதுல கேட்டீங்களோ அவங்களுக்கு. ஒரு பாலம், இத்தனை வாசல்! எனக்கு இதுல இருக்குற சந்தோஷமே தனி.

மத்த சாஃப்ட்வேர்லயும் வழி இதேதான், ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பாருங்க. தேவிபட்டினம்னு அடிச்சா கொம்பு தள்ளி நிக்குதா, ஃபான்ட்டை மாத்துங்க, சரியாகிட்டா ரிப்போர்ட் அந்த ஃபான்ட் செஞ்சவங்களுக்கு. லினக்ஸோட மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல்ல மெயின்டெய்னர்ஸ்னு ஒரு ஃபைலே இருக்கு, எந்த பகுதி யாரு கையிலன்னு அதுலயே எழுதியிருக்கும். பாதுகாப்பு ஓட்டையா இருந்தா தயவுசெஞ்சு பொதுவுல போடாதீங்க, அந்த புராஜெக்ட்டோட செக்யூரிட்டி ஃபைல்ல சொல்லியிருக்குற வழியில தனியா அனுப்புங்க.

[திரையில்: கமெண்ட் பாக்ஸ்]

பதில் வராம கிடக்குற உங்க ரிப்போர்ட் லிங்க்கை கமெண்ட்ல போடுங்க, எந்த வெர்ஷன், எதை மாத்திப் பாத்தீங்கன்னும் சேர்த்து எழுதுங்க, யாருக்கு போகணும்னு அடுத்த வீடியோல ஒண்ணொண்ணா தேடுவோம்!