செத்தவரும் ஒரு தரப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்காவின் பழைய சமயங்கள் என்றதும் முகமூடி, மேளம், மந்திரவாதி என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். சினிமா செய்த வேலை. அந்தச் சமயங்களுக்குள் பகை தீர்க்க ஒரு வழி இருக்கிறது என்பது நான் ரொம்ப காலமாகச் சொல்லிவரும் விஷயம். கொடுத்த நேரத்தில் கண்டம் முழுக்கச் சுற்ற முடியாது. வடக்கு உகாண்டாவின் அச்சோலி மக்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அச்சோலி நம்பிக்கையில் ஒரு கொலை, கொலையோடு முடிவதில்லை. அநியாயமாகச் செத்தவரின் ஆவி கொன்றவனைத் தேடி வரும். அதற்கு 'சென்' என்று பெயர். கெட்ட கனவாக வரும், நோயாக வரும், அவன் குடும்பத்தையும் குலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போலீசிடம் உண்மையைச் சொன்னால் தண்டனை. இங்கே சொல்லாமல் இருந்தால்தான் தண்டனை! யாரும் பார்க்காத கொலையைக்கூட, செய்தவனே பெரியவர்களிடம் வந்து ஒப்புக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் இந்த ஓர் இடத்தைப் பார்ப்பதே இல்லை.

கொலை நடந்ததும் இரண்டு குலங்களுக்கும் நடுவே எல்லாம் நின்றுவிடும். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. 'அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம்' என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். அப்புறம் நடுவர்களாகப் பெரியவர்கள் இறங்குவார்கள். மாதக்கணக்கில் பேச்சு நடக்கும், வருடக்கணக்கிலும் இழுக்கும். நடந்தது என்ன என்பது முழுதாக வெளியே வரவேண்டும். குலம் முழுவதும் சேர்ந்து ஈடு கட்டவேண்டும். இப்போது மாடு, பணம். முன்பு ஒரு பெண்ணையே கொடுத்திருக்கிறார்கள். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை.

கடைசியாக அந்த நாள் வரும். சடங்கின் பெயர் மாட்டோ ஓபுட், ஓபுட் குடிப்பது. ஓபுட் ஒரு மரம். அதன் வேரை இடித்து, ஊர் மதுவில் கலந்து, ஒரு சுரைக்குடுவையில் வைப்பார்கள். மகா கசப்பு. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து எதிரெதிரே மண்டியிடுவார்கள். கைகள் முதுகுக்குப் பின்னால். அப்படியே குனிந்து, ஒரே குடுவையிலிருந்து, ஒரே நேரத்தில் குடிக்கவேண்டும். குனிந்தால் தலையோடு தலை முட்டும். நேற்றுவரை முகம் பார்க்காத இரண்டு பேர்! ஆடு வெட்டிப் பாதி பாதியாக மாற்றிக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆமாம், சாப்பாடும் உண்டு. நின்றுபோன முதல் விஷயம் அதுதானே.

சரி, இது சின்னக் கிராமத்துக்கு ஆகும், போருக்கு ஆகுமா? கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனியின் படை 1987 முதல் இருபது வருடம் போல அந்த மண்ணை நாசமாக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டார்கள். கொன்றவர்களில் பலர் அதே ஊரிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள். திரும்பி வந்த பிள்ளைக்கு ஊர் எல்லையில் ஒரு முட்டையை வைத்து, மிதித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். பக்கத்திலேயே குதிர் திறக்கும் கம்பு. இனி இந்தக் குதிரில் உனக்கும் பங்கு உண்டு என்று பொருள். சரணடைகிறவர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்று ஆயர்களும் இமாம்களும் குலத் தலைவர்களும் சேர்ந்து கேட்டார்கள். 2000இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. 2007 ஜூனில், இன்றைய தெற்கு சூடானின் ஜூபாவில், உகாண்டா அரசும் கோனி தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் மாட்டோ ஓபுட் பெயர் சொல்லியே இடம்பெற்றது.

ஆனால் யார் யாரைக் கொன்றது என்று தெரிந்தால்தானே இரண்டு பேர் மண்டியிட முடியும்? கூட்டக்கொலையில் அது எப்படித் தெரியும்? பக்கத்து லாங்கோ மக்களும் செத்தார்கள். அவர்கள் சடங்கு வேறு. படைத்தளபதிகளுக்கு இது போதாது, நீதிமன்றம் வேண்டும் என்பதுதான் என் கருத்து. சிறுவனாகக் கடத்தப்பட்டு, கோனி படையிலேயே தளபதியான டொமினிக் ஓங்வெனுக்கு ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் 25 வருடம் கொடுத்தது. அவனைக் குற்றவாளி என்பதா, பாதிக்கப்பட்டவன் என்பதா? அச்சோலிப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மொசாம்பிக் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், ஒரே வரியில் சொல்கிறேன்: அங்கே 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்து சமாதானம் வந்து எல்லாரும் வாய் மூடிக்கொண்டபோது, கொரொங்கோசா பகுதியில் செத்த சிப்பாய்களின் ஆவிகள் சாமியாடிகள் மேல் இறங்கிப் பழைய கொலைகளைப் பேச ஆரம்பித்தன. மீதியை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். வணக்கம்.