மருந்துச் சீட்டை மாற்றுகிற படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். நம் தெருமுனை கிளினிக்கில் இருக்கிற குடும்ப டாக்டரும் இன்னும் படித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகள் அதற்கு ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் என்று சொல்கின்றன. நாங்கள் சி.எம்.இ., அதாவது தொடர் மருத்துவக் கல்வி என்று சொல்வது இதைத்தான்.

அனுபவம் கூடினால் வைத்தியமும் தானாகக் கூடும் என்றுதான் நம்புகிறோம். ஆனால் 2005இல் அமெரிக்காவில் 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் விஷயம் தலைகீழாக இருந்தது. தொழிலில் வருஷம் ஏற ஏற வைத்தியத்தின் தரம் இறங்கியிருந்தது. ஆகவே படிப்பு கட்டாயம் வேண்டும். எந்தப் படிப்பு என்பதுதான் கேள்வி.

வழக்கமாக நடப்பது இது: ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓட்டல் ஹால், வாசலில் கையெழுத்து, சர்க்கரை நோய் பற்றி நிபுணர் ஒருவர் வேகமாக ஓட்டுகிற ஸ்லைடுகள், கேள்வி கேட்கக் கடைசியில் ஐந்து நிமிடம், அப்புறம் சாப்பாடு, சான்றிதழ். பேசுகிறவர் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் வெறுமனே உட்கார்ந்து கேட்கிற உரை மட்டும் டாக்டரின் பழக்கத்தை மாற்றுவதில்லை, கலந்து பேசி, செய்து பார்க்கிற வகுப்புதான் மாற்றுகிறது என்று 1999லேயே டேவ் டேவிஸ் என்ற கனடா மருத்துவரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளை ஒப்பிட்டு எழுதிவிட்டார்கள்.

ஏன் என்று கிளினிக்கில் உட்கார்ந்தால் புரியும். நாலு வயசுக் குழந்தை, மூன்று நாளாகச் சளி, லேசான காய்ச்சல், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. "நாளைக்கும் வேலைக்கு லீவு போட முடியாது டாக்டர், சீக்கிரம் கேக்கற மாதிரி எழுதிக் கொடுங்க" என்கிறார் அம்மா. இது வைரஸ், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று டாக்டருக்கு நன்றாகவே தெரியும். வெளியே கூட்டம் காத்திருக்கிறது, கை அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை எழுதிவிடுகிறது. இவருக்கு இன்னொரு ஸ்லைடு என்ன செய்யும்? "மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க, மற்றபடி இது தானா சரியாகும்" என்று அந்த அம்மா நம்பும்படி ஒரே நிமிடத்தில் சொல்லப் பழக வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை, கூடவே தன் சீட்டையே திரும்பிப் பார்க்கிற ஏற்பாடும் தேவை.

நார்வேயில் அப்படிச் செய்தார்கள். அங்கே குடும்ப மருத்துவர்கள் சிறு சிறு குழுவாகக் கூடிப் படிப்பது வழக்கம். பயிற்சி பெற்ற சக டாக்டர் ஒருவர் குழுவுக்கு வந்து, சளி இருமலுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார் என்ற கணக்கை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பேசினார். ஆன்டிபயாடிக் எழுதுவது குறைந்தது. 2013இல் முடிவு வெளியானது.

இதனால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. இப்படிக் கணக்குக் காட்டும் முறை பற்றிய 140 ஆய்வுகளை 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற சர்வதேச அமைப்பான காக்ரேன் குழு அலசியபோது கிடைத்த முன்னேற்றம் நடுவாந்திரமாக நூற்றுக்கு நாலுதான். ஆனால் தெரிந்த சக மருத்துவர், ஒரு தடவையோடு விடாமல், வாயாலும் எழுத்தாலும் சொல்லி, எதுவரை குறைக்க வேண்டும் என்று இலக்கும் வைத்தால் பலன் கூடுகிறது.

நம் ஊர்களில் இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரே ஊரில் ஏழெட்டு டாக்டர்கள் மாதம் ஒரு மாலை, நோயாளியின் பெயரை மறைத்த தங்கள் மருந்துச் சீட்டுகளோடு உட்கார்ந்தால் போதும். அந்த மாலையையும் 30 மணி நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் மருத்துவ கவுன்சிலிடம் நான் கேட்பது.